மழைத்துளியும் மாடிச்செடியும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடியில் நாற்பது தொட்டிகளும் குரோ பேக்குகளும் வைத்திருக்கிறேன். மழை நின்றால் போனையோ கேமராவையோ எடுத்துக்கொண்டு மேலே ஓடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்தப் படங்களைப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும், சொந்தக்காரர்களும், மாதவரத்தில் செடி வாங்கப் போகும்போது பேச்சுக் கொடுப்பவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

1. அக்கா, என்கிட்ட சாதா போன்தான் இருக்கு. அதுல எடுக்க வருமா?

வரும். நானும் முதல் இரண்டு வருடம் போனில்தான் எடுத்தேன். இன்றைக்கும் எனக்குப் பிடித்த படங்களில் சில அப்போது எடுத்தவைதான். விலை குறைந்த போன்களில், சின்னப் பொருள்களை மிகக் கிட்டே வைத்து எடுக்க 'மேக்ரோ கேமரா' என்று தனியாக ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது 2 மெகாபிக்சல்தான், அதை விட்டுவிடுங்கள். முதன்மைக் கேமராவிலேயே கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் அதைவிட நன்றாக வரும்.

ஐபோன் 13 புரோ போல அகலக்கோண லென்ஸாலேயே 2 சென்டிமீட்டர் வரை கிட்டே போகக்கூடிய போன் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் போன் மேல் மாட்டும் கிளிப் லென்ஸ் ஒன்று வாங்கலாம். பர்மா பஜார், ரிட்சி தெரு பக்கம் போகும்போது போனையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். படத்தின் நடு மட்டும் தெளிவாக இருந்து ஓரமெல்லாம் இழுத்த மாதிரி தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம்.

2. மழை பெய்யும்போது எடுக்கணுமா, நின்ன அப்புறமா?

நின்ற பிறகு, முதல் அரை மணி நேரத்துக்குள். பெய்யும்போது இலை ஆடிக்கொண்டே இருக்கும், துளி ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்துவிடும். நின்றதும் எல்லாம் ஒரு அமைதிக்கு வரும். அரை மணிக்கு மேல் போனால் காற்றிலும் வெயிலிலும் சின்னத் துளிகள் காய ஆரம்பித்துவிடும்.

சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோடு வரும், நிற்பதற்குள் இருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை பல நாள் விடியற்காலையில் பெய்து ஆறரை ஏழு மணிக்கு ஓயும். நம் பக்கத்துக்கு இது பெரிய வசதி. கிழக்கே கடல் என்பதால் மேகம் கொஞ்சம் விலகினாலும் தாழ்ந்த வெயில் மறைப்பு அதிகமில்லாமல் மாடிக்கு வந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் நான் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன்.

3. சில இலையில தண்ணி முத்து மாதிரி நிக்குது, சிலதுல பரவிப் போயிடுது. ஏன் அப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'தாமரை இலைத் தண்ணீர் மாதிரி' என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இருக்கும் காரணம்தான். தாமரை, சேம்பு போன்ற இலைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றன. அந்த மேடுகளின் மேல் மெழுகுத் துணுக்குகள் படிந்திருக்கும். தண்ணீர் அந்த மேட்டு முனைகளில் மட்டும் தொட்டுக்கொண்டு உட்கார்கிறது, இடையில் காற்று சிக்கியிருக்கிறது. அதனால் பரவ முடியாமல் துளி உருண்டையாகிவிடுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸுடன் சேர்ந்து 1997ல் இதை விரிவாக எழுதினார். இந்தத் தன்மைக்குத் 'தாமரை விளைவு' என்றே பெயர்.

சேம்பு இலையில் நிற்கும் துளியைக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள், அடிப்பக்கம் வெள்ளி பூசின மாதிரி மின்னும். துளிக்கு அடியில் சிக்கியிருக்கும் அந்தக் காற்றில் பட்டு வெளிச்சம் திரும்பி வருவதால் வரும் மினுமினுப்பு அது. எந்தக் கோணத்தில் வெள்ளி தெரிகிறதோ அந்தக் கோணத்திலேயே எடுங்கள்.

செம்பருத்தி இலையில் இந்த ஏற்பாடு இல்லை, தண்ணீர் பரவிவிடும். கற்பூரவல்லி இன்னொரு விதம். அதன் மெல்லிய முடிகள் துளியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

4. அப்போ துளி படம் எடுக்கணும்னா எந்தச் செடி வைக்கட்டும்?

ஒரே ஒரு செடி என்றால் சேம்பு. கடையில் வாங்கும் சேப்பங்கிழங்கில் முளை விட்டதை ஒரு குரோ பேக்கில் புதைத்தால் போதும், நம் ஊர்ச் சூட்டுக்கு நன்றாக வளரும். அடுத்தது முருங்கை. அதன் குட்டி இலைகளில் துளி பாசிமணி மாதிரி உட்காரும். கற்பூரவல்லிக்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

தொங்கும் துளி வேண்டுமென்றால் பிரண்டையின் பற்றுக்கம்பி, பாகல் கொடியின் சுருள், கறிவேப்பிலையின் இலை நுனி. பூவில் எடுக்க நந்தியாவட்டையும் சங்குப்பூவும் நல்லது. டிசம்பர் பூ மழைக்காலத்திலேயே பூப்பதால் அதையும் ஒரு தொட்டியில் வையுங்கள். அழகுக்காக விலை கொடுத்து வெளிநாட்டுச் செடி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

5. எங்க வீட்டு சேம்புல முன்னாடி துளி உருண்டு ஓடும். இப்போ ஒட்டிக்கிட்டு பரவுது. என்ன ஆச்சு?

பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தீர்களா என்று கேட்டால், கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் 'ஆமா' என்கிறார்கள். சோப்பு தண்ணீரைப் பரவ வைக்கும், எண்ணெய் அந்த மேடுகளை மூடிவிடும். பளபளவென்று இருக்கட்டும் என்று துணியால் துடைப்பதும் விரலால் தேய்ப்பதும் மெழுகை அழித்துவிடும். பழைய இலையில் இனி அந்த முத்து அவ்வளவாக வராது. புதிதாக விரியும் இலையைத் தொடாமல் விடுங்கள், அதில் வரும்.

6. மழையே பெய்யல, ஆனா காலையில இலை நுனியில சொட்டு சொட்டா தண்ணி நிக்குது. பனியா?

பனி என்றால் இலை முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். ஓரத்திலும் நுனியிலும் மட்டும் வரிசையாகப் பெரிய துளிகள் நின்றால் அது செடியே வெளியே விட்ட தண்ணீர். மண் ஈரமாக இருக்கும் இரவுகளில் வேர் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இலைத்துளைகள் மூடியிருப்பதால் அது ஆவியாகப் போக வழி இல்லை. ஓரத்தில் இருக்கும் தனி வாய்கள் வழியாகச் சொட்டாக வெளியே வருகிறது. சேம்பு, தக்காளி, புல் எல்லாவற்றிலும் பார்க்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு இது ஒரு வரம். மழை வேண்டாம், காற்று இல்லாத விடியற்காலை போதும். முந்தின சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள். தக்காளி இலையில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு துளி வைத்த மாதிரி இருக்கும்.

7. கிட்ட போனா போன் மங்கலாவே எடுக்குது. ஃபோகஸே ஆகல.

அளவுக்கு மீறிக் கிட்டே போயிருப்பீர்கள். பல போன்களில் முதன்மை லென்ஸுக்கு 10 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் கிடைக்காது, பெரிய சென்சார் (படம் பதிவாகும் சில்லு) உள்ள சில போன்களில் 15, 20 சென்டிமீட்டர் கூட வேண்டும். கொஞ்சம் பின்னால் வாருங்கள். துளியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு திரையைத் தொடாமல், போனை மட்டும் முன்னும் பின்னும் ஒரு நெல் அளவு அசைத்து, கூர்மையாகத் தெரியும் கணத்தில் எடுங்கள். ஒரு துளிக்குப் பத்துப் படமாவது எடுப்பேன், தேறுவது ஒன்றோ இரண்டோதான்.

கிளிப் லென்ஸ் மாட்டினால் கணக்கு மாறும். 2, 3 சென்டிமீட்டரில்தான் அது தெளிவாகக் காட்டும், அதைவிடத் தள்ளிப் போனால் எல்லாம் மங்கல்.

8. துளி நடுவுல ஒரே வெள்ளைப் பொட்டா அடிக்குது. ஃபிளாஷ் போட்டா இன்னும் மோசம்.

துளி ஒரு குட்டிக் கண்ணாடி, எதிரே இருக்கும் விளக்கை அப்படியே காட்டும். போன் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் துளியின் நெற்றியில் அறைந்த மாதிரி விழுகிறது. அதை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும். காலையில் கிழக்கைப் பார்த்து நின்று, சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் செடி வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் துளி ஓரம் ஒளிரும், இலை நரம்பெல்லாம் தெரியும்.

அப்புறம், ஃபோகஸ் வைத்ததும் திரையில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். பின்னணி கருப்பாக இருந்தால் போன் மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்துவிடும், துளியின் மினுக்கு வெறும் வெள்ளையாகிவிடும். வெளுத்ததைப் பிற்பாடு மீட்க முடியாது, இருண்டதை ஓரளவு மீட்கலாம்.

9. பின்னாடி தண்ணி டேங்க், துணிக்கொடி, பக்கத்து வீட்டு சுவரெல்லாம் வந்து கெடுக்குதே?

செடியை நகர்த்துங்கள். தொட்டியில் வளர்ப்பதில் இருக்கும் பெரிய சலுகையே அதுதான். கைப்பிடிச் சுவர் ஓரம் நெருக்கி வைத்திருக்கும் செடியை ஒரு மீட்டர் முன்னால் இழுத்தாலே பின்னணி கரைந்துவிடும். அதுவும் முடியாவிட்டால் பழைய கருப்பு துப்பட்டாவோ பச்சை நிழல்வலைத் துண்டோ பின்னால் கொடியில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். நிமிர்ந்து நின்று மேலிருந்து எடுக்காதீர்கள். துளியின் உயரத்துக்குக் குனிந்தால் பின்னணியில் தரை போய் வானமோ வேறு இலையோ வரும்.

10. துளிக்குள்ள பூ தெரியுற மாதிரி எடுக்கிறாங்களே, அது எடிட்டிங்தானே?

பெரும்பாலும் இல்லை. துளி ஒரு கோள லென்ஸ். பின்னால் இருக்கும் காட்சி அதன் வழியே தலைகீழாக, சின்னதாகத் தெரியும். எங்கள் மாடியில் ஒரு துளிக்குள் பக்கத்துத் தெருக் கோயில் கோபுரமே கவிழ்ந்து தெரியும்.

செய்முறை இதுதான். பிரண்டைச் சுருளிலோ புல் நுனியிலோ தொங்கும் துளி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நேர் பின்னால் ஒரு பூவை வையுங்கள். நந்தியாவட்டை அளவுப் பூ என்றால் 5, 6 சென்டிமீட்டர் தூரம், செம்பருத்தி என்றால் 12, 15 சென்டிமீட்டர். பூ பெரிதாக இருந்து கிட்டவும் இருந்தால் துளிக்குள் அடங்காமல் வெறும் சிவப்பாகத் தெரியும். பூவின் மேல் நல்ல வெளிச்சம் விழ வேண்டும், நிழலில் இருந்தால் ஒன்றும் தெரியாது. பூவைத் தலைகீழாகத் தொங்க விட்டால் துளிக்குள் நிமிர்ந்து தெரியும். துணி கிளிப்பில் மாட்டிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது ஃபோகஸ். துளிக்குள் தெரிகிற பூ உண்மையில் துளிக்குள் இல்லை. உருண்டையான துளி என்றால், அந்தப் பிம்பம் துளியின் முன்பக்கத்துக்கும் வெளியே, கேமராவை நோக்கி ஏறக்குறைய ஓர் ஆரம் தள்ளி விழுகிறது. 3 மில்லிமீட்டர் துளியில் அது ஒன்றரை மில்லிமீட்டர். அதனால் துளியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பூ மங்கும், பூ கூர்மையானால் விளிம்பு மங்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் பூவைத் தேர்ந்தெடுங்கள். பார்ப்பவரின் கண் அங்கேதான் போகும்.

11. காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு. இலை நிக்கவே மாட்டேங்குது.

காசிமேட்டுக் காற்று எங்களுக்கும் தெரியும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் மாடியில் துளி படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். விடியற்காலை எட்டு மணிக்குள்தான் காற்று அடங்கியிருக்கும். அவசரம் என்றால் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் நட்டு, இலைக்காம்பைத் துணி கிளிப்பால் மெதுவாகப் பிடிக்க வையுங்கள். காம்பு நசுங்காமல் நடுவில் ஒரு துண்டுப் பஞ்சு வையுங்கள். தொட்டியைப் படிக்கட்டு அறைக்குள் வாசலோரம் தூக்கி வைத்துவிட்டால் காற்றும் இல்லை, வெளிச்சமும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். என் பாதிப் படங்கள் அந்த வாசலில் எடுத்தவை.

12. கேமரா இருக்கு, கூட வந்த லென்ஸும் இருக்கு. மேக்ரோ லென்ஸ் விலையைப் பார்த்தா பயமா இருக்கு. வேற வழி?

இரண்டு வழி. எக்ஸ்டென்ஷன் டியூப் என்று கண்ணாடி இல்லாத வெறும் வளையங்கள் கிடைக்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் லென்ஸ் இன்னும் கிட்டே ஃபோகஸ் செய்யும். இன்னொன்று ரிவர்ஸ் ரிங். லென்ஸையே திருப்பி மாட்டுவது. 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பினால் துளி சென்சாரில் ஏறக்குறைய உண்மை அளவிலேயே விழும். அந்த ரிங் சில நூறு ரூபாய்தான்.

திருப்பி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் போய்விடும், கேமராவிலிருந்து அப்பெர்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளையின் அளவை, மாற்றவும் முடியாது. அதனால் அப்பெர்சர் வளையம் லென்ஸ் மேலேயே இருக்கும் பழைய மேனுவல் லென்ஸ் இதற்கு மிகவும் நல்லது. டிஎஸ்எல்ஆரில் செடிக்கும் லென்ஸுக்கும் இடைவெளி நாலரை சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். வெளியே திரும்பியிருக்கும் பின்பக்கக் கண்ணாடியில் துளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

13. ஒரு துளிதான் தெளிவா வருது, பக்கத்து துளி மங்கிடுது. அப்பெர்சரை எஃப்/22 வெச்சா சரியாயிடுமா?

கொஞ்சம் சரியாகும், வேறொன்று கெடும். எஃப் எண் கூடக் கூட அந்தத் துளை சின்னதாகும். உண்மை அளவில் எடுக்கும்போது எஃப்/11 வைத்தால்கூடத் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதே அளவில் எஃப்/11 என்பது நடைமுறையில் எஃப்/22 போலத்தான் வேலை செய்கிறது. அதற்கு மேல் மூடினால் வெளிச்சம் சிதறி மொத்தப் படமும் லேசாக மழுங்கும். நான் எஃப்/8க்கும் எஃப்/11க்கும் நடுவிலேயே நிற்பேன்.

அதைவிட எளிய வழி கோணத்தை மாற்றுவது. துளிகள் வரிசையாக இருக்கும் இலைக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் எல்லாத் துளியும் ஒரே தளத்துக்கு வந்துவிடும். அதுவும் போதாவிட்டால் ஃபோகஸை மெல்ல நகர்த்தி ஏழெட்டுப் படம் எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் இலை அசையக் கூடாது. 11வது கேள்வியில் சொன்ன படிக்கட்டு வாசல் இதற்கும் உதவும்.

14. விழுற மழைத்துளியை அந்தரத்துல அப்படியே நிறுத்தி எடுக்கணும். ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?

கணக்கைப் பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்று புரியும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. ஷட்டரை 1/1000 வைத்தாலும், அதாவது ஆயிரத்தில் ஒரு நொடி மட்டும் திறந்தாலும், அந்த நேரத்துக்குள் துளி ஆறரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அதாவது தன் அளவைப் போல மூன்று மடங்கு. படத்தில் கோடுதான் வரும். 1/8000 வைத்தால்தான் ஓரளவு நிற்கும், மழை நாளில் அதற்கு வெளிச்சம் எங்கே?

அதனால் ஷட்டரை நம்ப வேண்டாம். தனி ஃபிளாஷை 1/32 போன்ற குறைந்த சக்தியில் வைத்தால் அது பத்தாயிரத்தில் ஒரு நொடி அளவுக்கே மின்னும். அந்த மின்னல்தான் துளியை நிறுத்தும். அல்லது மெதுவான துளியைத் தேடுங்கள். சன்ஷேடு விளிம்பிலிருந்து சொட்டும் துளி ஒரு அடி இறங்குவதற்குள் நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தைக்கூட எட்டாது. அதை 1/2000ல் பிடிக்கலாம். விளிம்பை விட்டுப் பிரியும் கணத்தில் இன்னும் எளிது.

நேர்மாறாக, மழையைக் கோடுகளாகக் காட்டவும் செய்யலாம். 1/60 வைத்தால் ஒவ்வொரு துளியும் ஒரு சாண் கோட்டில் பாதி நீளத்துக்கு இழுபடும். பின்னால் கரும்பச்சையாக ஏதாவது இருக்க வேண்டும். வெயிலும் மழையும் சேர்ந்து நரிக்கும் காக்காவுக்கும் கல்யாணம் நடக்கும் நாளில் சூரியனை எதிரே வைத்து எடுத்தால் கோடெல்லாம் வெள்ளிக் கம்பி.

15. ஃபிளாஷ்ல நிறுத்திப் பார்த்தேன். துளி கண்ணீர் வடிவத்துல இல்லையே, தப்பா எடுத்துட்டேனா?

சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். மழைத்துளிக்குக் கூர்நுனி கிடையாது. சின்னத் துளி உருண்டை. 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கீழ்ப்பக்கம் காற்று தள்ளித் தட்டையாகி பன் மாதிரி ஆகும். 5 மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் உடைந்துவிடும்.

பனித்துகள்களைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற அமெரிக்க விவசாயி வில்சன் பென்ட்லி, மழைத்துளியின் அளவையும் பார்த்திருக்கிறார். ஒரு தட்டில் மாவைப் பரப்பி மழையில் சில நொடி காட்டுவார். ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டை ஆகும், அதை அளப்பார். 1904ல் அதைப் பற்றி எழுதினார். மைதா மாவை வைத்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். கார்த்திகை மழையின் முதல் தூறலுக்கும் கொட்டும் மழைக்கும் உருண்டையில் தெரியும் வித்தியாசத்தைப் பார்த்து அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

16. ஸ்பிரே பாட்டில்ல தண்ணி அடிச்சு எடுக்கிறது ஏமாத்து வேலை இல்லையா?

பழகுவதற்கு அது தேவை. மே மாதத்தில் வேறு வழி இல்லை. ஆனால் யாராவது கேட்டால் 'தெளித்து எடுத்தது' என்று சொல்லிவிடுவேன், மழைப் படம் என்று சொல்ல மனம் வராது. தண்ணீரில் கிளிசரின் கலந்தால் துளி மணிக்கணக்கில் காயாமல் நிற்கும், இதையும் பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. எறும்பும் குட்டிப் பூச்சிகளும் ஒட்டிக்கொள்கின்றன, இலையும் பிசுபிசுக்கிறது. செய்தால் கீரையிலும் துளசியிலும் வேண்டாம், எடுத்ததும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று, போர் தண்ணீரைத் தெளிக்காதீர்கள். நம் பக்கத்தில் பல வீட்டு போரில் உப்பு ஜாஸ்தி. காய்ந்ததும் இலையெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். நான் மழை நாளில் ஒரு கேனில் மழைத்தண்ணீரைப் பிடித்து இறுக்கி மூடி வைத்துக்கொள்கிறேன்.

17. எங்க ஏரியால இலை மேல கருப்பா தூசி. துளியும் அழுக்கா தெரியுது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஓட்டத்துக்கு மாடியில் ஒரு நாள் துடைக்காவிட்டால் கால் கருத்துவிடும். அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. செடிக்கும் நமக்கும் இது கெடுதல்தான், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

படத்துக்கு என்றால், பல நாள் கழித்து வரும் முதல் மழையை விட்டுவிடுங்கள். அது இலையைக் கழுவும் மழை. அடுத்தடுத்த மழையில் துளி கண்ணாடி மாதிரி இருக்கும். மழை வரும் போல இருந்தால் முந்தின நாள் சாயங்காலம் பூவாளியால் இலைகளைக் கழுவி விடலாம். துடைக்க வேண்டாம், காரணம் 5வது கேள்வியில் இருக்கிறது. நான் சில சமயம் அந்தக் கருந்துளியையும் வேண்டுமென்றே எடுக்கிறேன். எங்கள் தெருவில் துளசி எப்படி வளர்கிறது என்று அந்தப் படம்தான் சரியாகச் சொல்கிறது.

18. பூச்சியை ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தா ஆடாம இருக்கும்னு சொல்றாங்க. செய்யலாமா?

வேண்டாம். எத்தனையோ பூச்சி அதில் செத்துப் போகிறது. காலையில் குளிர்ச்சியில் அவை தாமாகவே அசையாமல்தான் இருக்கும். ஈரத்தில் நனைந்த தட்டான் வெயில் வரும்வரை பறக்காது, அரை மணி நேரம் உங்களுக்காகவே உட்கார்ந்திருக்கும்.

19. என் போன் வாட்டர் புரூஃப். மழையிலேயே பிடிக்கலாமா?

ஐபி68 என்பது அமைதியான நல்ல தண்ணீரில் சோதித்துத் தரும் தரம். உப்புக்காற்றும் கீழே விழுந்த அடியும் ரப்பர் அடைப்பைத் தளர வைக்கும், நாளாக ஆக அந்தக் காப்பு குறையும். தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் உத்தரவாதமும் செல்லாது. தூறலில் பரவாயில்லை, கொட்டும் மழையில் குடைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போடும் ஓட்டை நன்றாகக் காயும்வரை ஒயரைச் செருகாதீர்கள்.

20. லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரியுது. அது என்ன?

பூஞ்சை. என் முதல் லென்ஸ் அப்படித்தான் போனது. மழையில் எடுத்துவிட்டு ஈரப் பையிலேயே மூன்று வாரம் வைத்துவிட்டேன். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் சுத்தம் செய்து தந்தார்கள், ஆனால் கண்ணாடியின் பூச்சில் தடம் விழுந்துவிட்டது. அந்த லென்ஸில் எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் இன்றும் படம் புகை மூட்டமாக வரும்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது கட்டாயம் தெரிய வேண்டியது. கேமராவை முதலில் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் உலர விட்டு, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரையும் உள்ளே போட்டு 40, 50 சதவீதத்தில் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படாத தகரத் தட்டில் மிதமாகச் சூடு காட்டி மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசி உள்ளே போகும்.

ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குப் போனால் லென்ஸ் கண்ணாடியில் ஆவி படிந்து மங்கிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பத்து இருபது நிமிடம் பையை மூடியபடியே வெளியே வைத்திருந்து திறந்தால் போதும்.

21. இடி இடிக்கும்போதுதான் வானம் நல்லா இருக்கு. மாடிக்குப் போலாமா?

போகக் கூடாது. திறந்த மாடியில் நிற்கும்போது மின்னல் தாக்கக்கூடிய உயரமான பொருள்களில் நீங்களும் ஒன்று. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு போங்கள். நல்ல துளிகள் அப்போதும் சில இருக்கும். பாசி பிடித்த தரை எண்ணெய் மாதிரி வழுக்கும், கண் திரையிலேயே இருக்கும்போது கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. கைப்பிடிச் சுவருக்குக் கிட்டே ஈ.பி. ஒயர் போகும் வீடுகளில் ஸ்டாண்டையும் குடையையும் அந்தப் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

22. தொட்டிக்கு அடியில தட்டுல நிக்கிற தண்ணில செடியோட நிழல் அழகா விழுது. அப்படியே விட்டு வைக்கலாமா?

எடுத்து முடித்ததும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் ஊற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். பிம்பம் எடுக்க ஒரு கருப்புத் தட்டை வீட்டுக்குள் தனியாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

23. எங்களுக்கு மாடியே இல்ல ஆன்ட்டி. ஹவுசிங் போர்டு, ஒரு ஜன்னல்தான். நான் எங்க போய் எடுக்க?

இதைக் கேட்டது வியாசர்பாடியில் பத்தாவது படிக்கும் பெண். ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொன்னேன். மழை நின்றதும் குறுக்குக் கம்பியின் அடியில் துளிகள் வரிசையாகத் தொங்கும், இலையில் நிற்பதைவிட அசையாமல். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. 8வது கேள்வியில் சொன்ன பின்வெளிச்சம் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு துளசித் தொட்டி கம்பிக்கு உள்பக்கம் வைத்தால் சாரல் அதிலும் விழும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு படம் காட்டினாள். ஜன்னல் கம்பியில் ஏழு துளி. ஏழிலும் எதிர் பிளாக் தலைகீழாக, அதன் மூன்றாவது மாடியில் யாரோ காயப் போட்ட சிவப்புப் புடவை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று பள்ளிக்கூடம் போக முடியாத ஒரு காலையில், அம்மாவின் போனில் எடுத்ததாம்.